பிடி

இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை உப்பு,
ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்.
பாலர் பள்ளி ஆசிரியை கிழித்துக் கொடுத்த தாளில்
இவ்வளவுதான் இருந்தது.
மூன்று வயதுக் கையை
ஒரு நொடி அசையாமல் வைப்பது எப்படி என்று
எழுதியிருக்கவில்லை.

மே மாதத்து முதல் ஞாயிறு அன்னையர் நாள்.
இன்று சனி இரவு.
வைவா கிளைப்பெடா துறைமுகத்தில் இருக்கிறாள்,
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டில்,
யாரோ யாருக்கோ அனுப்பிய பெட்டிகளைத்
தூக்கி இறக்கிக்கொண்டு.
எங்கள் சமையலறைச் சன்னலில்
கிரேன்களின் சிவப்பு விளக்குகள் ஐந்து தெரியும்.
யோரிஸ் ஐந்தையும் அம்மா என்பான்.
மூன்றாவது, என்பேன் நான்.

மாவைக் கண்டதும் நக்கினான்.
முகம் சுளித்தான். மறுபடி நக்கினான்.
'கடல்' என்றான்.
இல்லையடா, நம் கடல் இவ்வளவு கரிக்காது.

முதல் தட்டில் கை வழுக்கியது.
இரண்டாவதில் முழங்கையை வைத்தான்.
மூன்றாவதில் அவன் பிளாஸ்டிக் திமிங்கிலம்
வயிற்றைப் பதித்துவிட்டுப் போனது.
அப்புறம் எண்ணிக்கை தப்பிவிட்டது.
கடைசியில் ஐந்து விரல்கள் விழுந்தன,
பக்கத்தில் ஆறாவதாக ஒன்றும்.
எப்படி வந்ததென்று தெரியவில்லை.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்மில்த்தேக்கு ஐந்து மாதம்.
பிறந்த நாளிலிருந்து எதையோ
ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாள்.
ஊதிப் பார்த்தேன். வெந்நீரில் நனைத்துப் பார்த்தேன்.
சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்;
நான்காவது திறக்கும்போது
முதலாவது மூடியிருந்தது.
கப்பல்களில் துருவேறிய வால்வுகளைத் திறந்து
சம்பளம் வாங்குகிறவன் நான்.
இந்தக் குழந்தை விடுப்பு முடிந்து திரும்பும்போது
அங்கே இதைச் சொல்ல மாட்டேன்.

பதினோரு மணிக்குத் தூங்கினாள்.
கை தானாகத் திறந்தது.
உள்ளே கொஞ்சம் பஞ்சு, வியர்வை,
வைவாவின் பச்சைக் கழுத்துத்துண்டிலிருந்து ஒரு நூல்.
மூச்சை அடக்கிக்கொண்டு மாவை நீட்டினேன்,
தட்டையாக, கூசாமல், அறையின் சூட்டுக்கு ஆறவைத்து.
தூக்கத்திலேயே அதைப் பிடித்தாள்.
விரலிடுக்குகளில் பிதுங்கியது.
விடுவித்தபோது கிடைத்தது
வாதுமைக்கொட்டை அளவில் ஓர் உருண்டை:
நான்கு பள்ளம், பக்கவாட்டில் ஒரு குழி, அந்தப் பச்சை நூல்.
இதைக் கையென்று யார் சொல்வார்?

நூறு டிகிரியில் மூன்று மணி நேரம், என்றது தாள்.
நாற்காலியிலேயே உறங்கிப்போனேன்.
விழித்தபோது யோரிஸின் தட்டு
ஆறாவது விரலின் குறுக்கே வெடித்திருந்தது.
உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆறேகாலுக்கு வந்தாள்.
ஆரஞ்சு நிறச் சட்டையில் வெளிக்குளிரும் கிரீஸ் வாடையும்.
தட்டைப் பார்த்து விரல்களை எண்ணினாள்,
மறுபடி எண்ணினாள்,
பிள்ளைகள் எழுந்துவிடுவார்களென்று
சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.
'இது?'
'ஸ்மில்த்தே' என்றேன்.
பிரிக்க முடியவில்லை, மன்னித்துவிடு,
அடுத்த வருடம் ஒழுங்காக, என்று
தயாரித்து வைத்திருந்த வாக்கியம் நாக்கிலேயே நின்றது.

அவள் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பள்ளங்களில் தன் விரல் நுனியை வைக்கப் பார்த்தாள்;
நுழையவில்லை.
பிறகு உள்ளங்கையில் வைத்து மூடினாள்.
அப்போதுதான் எனக்கும் விளங்கியது:
கையின் தடம் அல்ல அது.
கை மூடியபோது உள்ளே இருந்த இடம்.

காலுறையைக் கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள்.
சற்றுப் பொறுத்து,
உடைந்துவிடுமே என்று எடுக்கப் போனேன்.
நான்காவது விரல் வரை
நான் போகவில்லை.

மேசையில் சிந்திய மாவு சிமென்ட்டாய் இறுகியிருந்தது.
ஸ்குரூடிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
யோரிஸ் எழுந்து வந்து
வெளுத்த சன்னலைக் காட்டி அம்மா என்றான்.
மூன்றாவது கூண்டில் இப்போது வேறு யாரோ.
மெதுவாகப் பேசு, என்றேன்.