குறிப்புப் பத்தி

டாக்டர் கொடுத்த நோட்டில் மூன்று பத்திகள்.
காலை. மாலை. குறிப்பு.
முதல் இரண்டில் ரத்த அழுத்தம்.
மூன்றாவதில் என்ன எழுதுவதென்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அறுபத்தெட்டு வயதில்
யாராவது ஒரு காலியிடம் கொடுத்தால்
பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திங்கள். நூற்று அறுபத்து நான்கு.
குறிப்பு: மகன் வார்சாவிலிருந்து பேசினான்.
பணம் அனுப்பிவிட்டானாம்.
பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

செவ்வாய். நூற்று ஐம்பத்தெட்டு.
குறிப்பு: யாரும் பேசவில்லை.

புதன். அதே. அதே.

உப்பைக் குறைக்கச் சொன்னாள் டாக்டர் தேயா. குறைத்தேன்.
"காலையில் எதற்காகவாவது எழுந்திருக்கிறீர்களா?"
கழிவறைக்கு, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
படி ஏறவும் என்று எழுதிக் கொடுத்தாள்,
மாத்திரைக்குக் கீழே, மாத்திரையைப் போலவே,
தினம் ஒரு வேளை.

குத்தாயிசியில் எங்கள் கட்டடத்து லிப்ட்
காசு போட்டால்தான் நகரும்.
தரைத்தளத்தில் இருப்பவளுக்கு
அதோடு கொடுக்கல் வாங்கலே கிடையாது.

இரண்டாம் மாடியில் கத்திரிக்காய் வறுபடும் வாசனை.
மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை
பியானோவில் தினமும் அதே இடத்தில் தவறுகிறது.
அது சரியாகும் நாளைக் கேட்டுவிட்டுத்தான்
போய்ச் சேர வேண்டும் என்று ஏனோ பட்டது.
ஐந்தில் ஒரு நாய். முதலில் என் மூச்சைச் சந்தேகப்பட்டது,
பிறகு பழகிவிட்டது.
ஏழு வரை வந்து திரும்பினேன்.
பதினோரு நாள்
ஏழு வரை வந்து திரும்பினேன்.

எட்டில் லாமாரா இருக்கிறாள்.

மின்சாரமே இல்லாத அந்தக் குளிர்காலத்தில்
என்னிடம் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் வாங்கினாள்.
கொடுத்துவிட்டேன் என்பாள்.
தரவில்லை என்பேன்.
அந்த எண்ணெய் எரிந்து தீர நாலு இரவு ஆகியிருக்கும்.
நாங்கள் எரிந்தது முப்பது வருடம்.
வாசலில் எதிர்ப்பட்டால்
ஒருத்தி தபால் பெட்டியைப் பார்ப்பாள்,
இன்னொருத்தி வானத்தை.

பன்னிரண்டாம் நாள்
கால் தானாக ஏறியது என்று சொல்லமாட்டேன்.
நான்தான் ஏறினேன்.
கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.
"உட்கார்ந்து தொலை, நாதேலா."
மேசைமேல் அதே நோட்டு.
அதே டாக்டர், அதே மூன்று பத்திகள்.
குறிப்பு: கீழ்ப்படியில் யாரோ வந்து நின்றார்கள்.
போய்விட்டார்கள்.
பதினோரு முறை எழுதியிருந்தாள்.

அவளுடைய கருவியை என் கையில் சுற்றினாள்.
நூற்று எழுபத்தொன்று.
பிறகு அவள் கையில். நூற்று எழுபத்து மூன்று.
இதிலும் நீதான் மேலா, என்றேன்.
அதற்கப்புறம் மண்ணெண்ணெய் வந்தது. கத்தினோம்.
மூன்று மாடி கீழே நாய் குரைத்தது.
தேநீர் ஆறிப்போனது, வேறு போட்டாள்.

நோட்டைப் புரட்டிய டாக்டரின் புருவம் உயர்ந்தது.
பத்தொன்பதாம் தேதி என்ன சாப்பிட்டீர்கள்?
எதையோ சொன்னேன்.
மாத்திரையைக் கூட்டினாள். கூட்டட்டும்.
அன்றிரவு நான் விடியும்வரை தூங்கியதற்கு
அந்த நோட்டில் பத்தி இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன்.
அன்று இறங்க முட்டி ஒப்பவில்லை.
லிப்டுக்கு இருபது தெத்ரி கொடுத்தாள் லாமாரா,
கடனாகத்தான், என்று அழுத்திச் சொல்லி.
என் பையில் சில்லறை இருந்தது.
வாங்கிக்கொண்டேன்.
இன்னும் திருப்பித் தரவில்லை.
தினமும் எட்டு மாடி ஏறிப் போய்
நாளைக்குத் தருகிறேன் என்கிறேன்.