ஊதா மை

தீபாவளிக்கு மூன்று நாள். பீடோங்கில்
விடியுமுன் பதினேழு ஆடுகள்.

கடைசி ஆட்டின் ஈரலைக் கீறியதும்
கத்திமுனையில் நெளிந்தது
இலைபோல் தட்டையாய் ஒரு புழு.

"கழுவினா போயிடும் மிஸ்ஸி.
பிள்ளை பெத்தவளுக்குன்னு
லயத்துல சொல்லி வெச்சது.
காசும் வாங்கிட்டேன்"
என்றார் சடையப்பன்.

தொடைக்கு முத்திரை குத்தினேன்.
ஈரலில் சாயத்தை ஊற்றினேன், அவர் பார்க்கவே.
குழாயடியில் காத்திருந்த நாய்
முகர்ந்துவிட்டுத் தும்மியது.

அவர் பேசவில்லை.
சட்டைப்பையிலிருந்து எட்டு ரிங்கிட்டை எடுத்து
ஈரக் கையோடு எண்ணித்
தனியே மடித்து வைத்தார்.

ஒட்டுக்கடையில்
தே தாரேக்குக்குச் சில்லறை நீட்டுகிறேன்.
என் விரலைப் பிடித்துப் பார்க்கிறான் முபாரக்:

"ஓட்டுப் போட்டாச்சா?
எப்ப வெச்சானுங்க தேர்தல்?
எங்கிட்ட யாருமே சொல்லல!"