வெள்ளிக்கிழமை விதைத்தது

ஞாயிறு வரவேண்டிய லொறி
வியாழன் மாலையே வந்து நின்றது.
விலை நல்ல விலை. ஐந்தாம் திகதி லீசிங்காரன் வருவான்.
யோசிக்க என்ன இருக்கிறது?
டோர்ச் வெளிச்சத்தில் கடைசிப் பாத்திவரை
கிண்டி ஏற்றிவிட்டோம்.

வெள்ளி காலை, பல் விளக்கும்போதுதான் நினைவு வந்தது:
நாளைக்கு இரண்டு வேன்.
குருநாகலிலிருந்து ஒன்று, வெள்ளவத்தையிலிருந்து ஒன்று.
தலைக்கு ஆயிரத்து இருநூறு, பாதி கட்டியாயிற்று.
கந்தப்பளைச் சந்தியில் மகள் எழுதி நட்ட பலகை
மூன்று மொழியிலும் சத்தியம் செய்துகொண்டிருக்கிறது:
உங்கள் கையாலேயே கிழங்கு கிண்டுங்கள்.

சத்தியவேல் வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
"கரட் பிடுங்கச் சொல்வோம்."
கரட் இன்னும் சுண்டுவிரல்.
"மாட்டைக் காட்டுவோம்."
மாடு, போன வாரம் வந்தவர்களைப் பார்த்தே அலுத்துப்போயிருக்கிறது.

கடையில் கிழங்கு உண்டு.
கப்பலில் வந்தது, வெளுத்த முகம்.
செம்மண் பூசி ஊர்க்கிழங்கு என்று விற்கிற
வித்தைக்காரர்களும் உண்டு.
நான் மாட்டேன் என்றேன்.
பொய்தான் சொல்லப்போகிறோம் என்றால்
இந்த மலையில் விளைந்த பொய்யாக இருக்கட்டும்.

பக்கத்துத் தோட்டத்துக் கருணாதிலக்கவிடம் போனேன்.
நாற்பது கிலோ, கடனுக்கு.
எதற்கென்று கேட்டார். சொன்னேன்.
சிரித்த சிரிப்பில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
பிறகு ஐந்து கிலோ கூடப் போட்டு,
"பெரியதை ஆழத்தில் வை" என்றார்.

இரவு பத்து மணி. பனி.
இருபது வருசம் மண்ணிலிருந்து எடுத்தே பழகிய கை
விளைந்ததைத் திரும்பப் புதைக்கக் கூசியது.
ஒரு குழிக்கு நாலு, சில குழிக்கு ஏழு,
ஒன்றில் ஒன்றுமே இல்லை;
எல்லாச் செடியும் ஒரே கணக்காக விளைந்தால்
கடவுள்கூட நம்பமாட்டார்.
மேலே காய்ந்த தண்டை நட்டுக்கொண்டே வந்தார் சத்தியவேல்,
கலியாண வீட்டுக்கு வாழை கட்டுகிறவர் மாதிரி
தள்ளி நின்று அழகு பார்த்து.
நாய் மட்டும் குழிக்குக் குழி மோந்துவிட்டு
எங்கள் முகத்தைப் பார்த்தது.

சனி. வேன் கதவு திறந்தது.
வெள்ளைச் சப்பாத்துகள் சேற்றில் இறங்கின.
கெனுலி என்று ஐந்து வயசுப் பிள்ளை
முதல் கிழங்கைத் தூக்கிக்கொண்டு "அம்மே!" என்று ஓடியது,
பூமி தனக்கென்றே ஒளித்துவைத்திருந்தது போல.
எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
தேத்தண்ணிக் கேத்தலுக்குள் வைத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தைக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர்,
ஒரு தண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வேர் இல்லை.
என்னைப் பார்த்தார்.
நான் ரொட்டியும் கட்டாச் சம்பலும்
கொஞ்சம் தாராளமாகவே அவர் தட்டில் வைத்தேன்.

போகிறபோது மேசையில்
லீக்ஸ் மூன்று கட்டு, மரத்தக்காளி ஒரு கிலோ வாங்கினார்.
மிச்சக் காசு வேண்டாம் என்றார்.
"நீங்கள் கிண்டிய கிழங்கு?" என்றேன்.
"அது இருக்கட்டும். உங்களுக்குத் திரும்ப நடவேண்டி வரும்"
என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

மாலை, தராசுக் கொப்பியைக் கூட்டினோம்.
புதைத்தது நாற்பத்தைந்து. வந்தது நாற்பத்தொன்றரை.
மூன்றரைக் கிலோ எங்கே என்று எங்களுக்கே தெரியாது.
இருட்டும்வரை மம்மட்டியோடு தேடினார் சத்தியவேல்,
சொந்த வீட்டில் திருடப்போனவர் மாதிரி.

மழை வந்தது. அந்தப் பாத்தியில் லீக்ஸ் நாற்று வைத்தோம்.
ஒரு காலை, வரிசையை மதிக்காமல்
ஐந்தாறு இடத்தில் கிழங்குச் செடி தலை நீட்டியிருந்தது.

"பிடுங்கவா?" என்றார்.
விரல் விட்டு மாசத்தை எண்ணினேன்.
"விடுங்க. டிசம்பர் லீவுக்கு வேன் வரும்.
கண்ணாடிக்காரரும் வந்தாலும் வருவார்.
வேரோடு இருக்கட்டும்."