ஓரத்தில் பென்சிலால்

மாநகராட்சியின் காய்ச்சல் பதிவேட்டில்
பெயருக்கு ஒரு கட்டம், வயதுக்கு ஒன்று,
தெருவுக்கு, குளிர் தொடங்கிய தேதிக்கு,
மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி உண்டா என்பதற்குக்கூட.
ரத்த வகைக்கு இல்லை.

நான்தான் எழுதத் தொடங்கினேன், ஓரத்தில், பென்சிலால்,
ஆடியில், மின்விசிறி நின்றுபோன ஒரு மதியம்.
ஏ. பி. ஓ. ஓ. ஏ.
எவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இரண்டு பெயர் சொல்லியிருப்பேன்.

சுதாம், திரிநாத்.
ஒடிசாவிலிருந்து வந்து
மெட்ரோ பள்ளத்தில் கம்பி கட்டுகிறவர்கள்.
கொருக்குப்பேட்டைத் தகரக் கொட்டகையில் ஒரே பாய்.
ஒரே கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்
ஒரே ரயிலில் திரும்பி
ஒரே செவ்வாய்க்கிழமை நடுங்கினார்கள்.
இரண்டு விரல், இரண்டு சொட்டு.
சாயம் காய்ந்ததும் எண்ணெய் விட்டுக் குனிந்தேன்:
மெல்லிய மோதிரங்கள், ஒரு செல்லுக்குள் இரண்டுகூட,
ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கல் பதித்தாற்போல்.
ஃபால்சிபாரம்.
எங்கள் ஊர்க் கொசு வழக்கமாகத் தருவது அதுவல்ல.

மூன்றாம் நாள் திரிநாத் எழுந்து உட்கார்ந்து
டீயும் பன்னும் கேட்டான்.
சுதாம் அதே நாள் ஸ்டான்லியில்
தன் பெயர் தெரியாமல் கிடந்தான்,
குழாய்வழி வடிந்தது கடுங்காப்பி நிறத்தில்.

"ஒருத்தன் ஓ, ஒருத்தன் ஏ. அதுவா இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம். ரெண்டு பேர வெச்சு
ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர் மதுரவல்லி.
சொல்லிவிட்டு விரல்களைக் குவித்துக் காட்டினார்:
நோய் புகுந்த சிவப்பணு
நோயில்லாத அணுக்களைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும்,
இதழ் இதழாக.
ஏ என்பது அணுவின் மேல் ஒரு சர்க்கரை. பசை மாதிரி.
பூ பெரிதானால் மூளைக்குள்
நூலைவிடச் சன்னமான குழாய் அடைபடும்.
ஓ-வில் அந்தச் சர்க்கரை இல்லை.
கட்டு இளகிப் பூ உதிரும்.

என் கண்ணாடித் தகட்டில் அந்தப் பூ தெரியாது.
காய்ந்த ரத்தத்தில் பூப்பதில்லை.
பதினாறு வருடமாகக் குனிந்து பார்க்கிறேன்,
அது நடக்கும் இடத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை.

என் தம்பி எழிற்கோ ஓ.
ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் வரும்,
"அண்ணே, ஜி.எச்.சுல ரெண்டு யூனிட்டு."
சட்டையை மாட்டியபடியே பைக்கை உதைப்பான்.
கொசுவும் அவனைத்தான் தேடிக் கடிக்கிறது என்பது
எங்கள் வீட்டுச் சிரிப்பு.
அதற்கும் ஆராய்ச்சி உண்டாம். மறுக்கிற ஆராய்ச்சியும்.

நான் ஏ. என் பையனும் ஏ.
பள்ளி அட்டையில் அவன் கழுத்தில் தொங்குகிறது அது,
வேன் நம்பருக்கும் அப்பாவின் செல் நம்பருக்கும் நடுவில்.
காலையில் அட்டையைத் திருப்பிவிடுகிறேன்,
யார் படித்துவிடப் போகிறார்கள் என்று தெரியாமலே.

ஆனியில் மேற்பார்வையாளர் சவரிராயன் வந்தார்.
"இன்னா மேடம் இது, கிரேடு போடுறீங்களா?"
அதட்டவில்லை. ரப்பரை அவரே நகர்த்திவைத்தார்.
அழிக்குமுன் கூட்டிப்பார்த்தேன்.
ஓ-தான் அதிகம்.
நோயில்லாதவர்களை எண்ணினாலும் இந்த ஊரில்
ஓ-தான் அதிகம்.
பதினோரு மாதம், மேசை முழுக்கச் சாம்பல் தூள்.

சுதாம் பிறகு ஒருநாள் வந்தான், மெதுவாக நடந்து.
தகடு சுத்தம்.
"மேடம், என் ரத்தம் கெட்டதா?"
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
இல்லை என்றேன்.
அவன் கையை நீட்டியபடியே இருந்தான்,
பஞ்சு வைத்த விரல் மேலே பார்க்க.

அன்று வீட்டுக்கு வந்ததும்
செருப்பைக் கழற்றாமல் மாடிக்குப் போனேன்.
தொட்டி மூடி ஒரு சாண் விலகிக் கிடந்தது.
டார்ச் அடித்தேன்.
நீர்மட்டத்தோடு மட்டமாய், தலைகீழாய்த் தொங்காமல்,
படுத்திருந்தன நாலைந்து புழுக்கள்.
எனக்குத் தெரிந்த படுக்கை.

செங்கல் தேடினேன்.
கீழே பையன் கூப்பிட்டான்,
தண்ணி ஏன் நின்னுபோச்சு என்று.