பதினான்காம் கலம்

தொழில் மையத்தில் கோப்புகள் பறக்காமலிருக்க
பாலாற்றுக் கல் வைத்திருக்கிறோம்.
ஆற்றில் வேறென்ன கிடைக்கிறது.

பேரணாம்பட்டு முனவ்வர் பாஷாவின் விண்ணப்பம்:
பச்சைத்தோல் உதறிய உப்பைக் கழுவி
மறுபடி தோலுக்கே திருப்பும் உருளை.
பழைய வாஷிங் மெஷின் டிரம், சைக்கிள் செயின்.
ஆட்டோவில் ஏற்றி வந்து காட்டினார்.
இறக்கிவைத்த வாசலில்
வெள்ளையாய் ஒரு வட்டம்.

புத்தாக்க நிதிப் படிவத்தின்
பதினான்காம் கலம் கேட்கிறது:
இதை முன்பே செய்து
லாபம் கண்ட மூவர் பெயர்.

‘யாருமில்லை’ என்று எழுதி
அங்கேயும் ஒரு கையெழுத்து போட்டிருந்தார்.

விதிப்படி அது நிரப்பாத கலம்.
நிதியை மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொல்லி
வேலூர் வெயிலைவிடச் சூடாய் ஒரு கடிதம்
அதே கல்லுக்கடியில்.

முத்திரையை மையில் ஒற்றினேன்,
மறுபடி ஒற்றினேன்.
சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

வாசலில்
அந்த வட்டத்தை
ஓர் ஆடு நக்கிக்கொண்டிருந்தது.