பதிவு எண்

திருவொற்றியூர் கோர்ட்டில்
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது.
எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியை மேலேற்றிக் கேட்டார்:
உங்கள் பதிவு எண் என்ன?

எண்.
வெளியே எண்ணூர் சாலையில்
துறைமுகத்துக்குள் போக இரவெல்லாம் நின்ற
அத்தனை கன்டெய்னருக்கும் எண் இருந்தது.
காசிமேட்டில் பச்சையடித்த விசைப்படகுகளின் மூக்கில்,
என்னை இறக்கிவிட்டுப்போன ஷேர் ஆட்டோவின் முதுகில்.
கேட்டவருக்கும் இருந்தது,
வருஷத்தோடு, சாய்கோடு போட்டு.

எம்.எஸ்.டபிள்யூ. என்றேன்.
அது பட்டம், என்றார்.
பன்னிரண்டு வருஷம் என்றேன்.
அது வயசு, என்றார்.
யாரோ சிரித்தார்கள்.

அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.
அதற்கு மட்டும் சட்டம் இருக்கிறது.
கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்த ஒரு மாலை
கூட்ஸ் வண்டி கடந்து முடிவதற்குள்
அம்மாவின் கை எப்படி முறிந்ததென்று
சொல்லி முடித்துவிட்டாள்.
வேறு யாருக்கும் கேட்காது என்றுதான்
அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள் என்பது
வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போது உறைத்தது.
"யார்ட்டயும் சொல்ல மாட்டியே மிஸ்?"

வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காக்க
ஒரு பிரிவு உண்டு.
என்னிடம் சொன்னதைக் காக்க
என் வாய்தான் உண்டு.
நோட்டைக் கொண்டுவா என்று கோர்ட் சொன்னால்
அதுவும் இல்லை.

அவர்கள் தாக்கல் செய்த அறிக்கை ஒரே பக்கம்.
தண்டையார்பேட்டை ஞானவேந்தன்,
குடும்ப வாழ்வியல் நிபுணர்,
ஊதா மசியில் வட்ட முத்திரை.
'தந்தையிடம் அனுப்பலாம்.'
பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை.
மூன்று வாரப் பயிற்சிச் சான்றிதழை
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.
தேக்குச் சட்டம்.
எங்கள் தொழிலுக்கு இந்த ஊரில்
இதுவரை போட்டிருக்கும் ஒரே சட்டம்.

எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
புருஷனோடு அனுசரித்துப் போ என்று அவர் அனுப்பியவள்
இடது காதைப் பொத்திக்கொண்டு
ஸ்டான்லியில் டோக்கனுக்கு நிற்கிறாள்.
புகார் கொண்டு போனேன்.
டாக்டர் இல்லையே, எங்களிடம் ஏன், என்றார்கள் ஓரிடத்தில்.
நீங்களும் அதே வேலைதானே மேடம், என்றார்கள் ஸ்டேஷனில்.
பெயரை அடிக்க வேண்டுமென்றால்
முதலில் ஒரு பட்டியல் வேண்டும்.

போன மாசம் எழும்பூரில் கூட்டம் போட்டோம்.
மன்றம் வேண்டும், தேர்வு வேண்டும், உரிமம் வேண்டும்.
கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.
வரைவில் பதினேழாவது வரி:
'பதிவு பெறாதவர் இப்பணி செய்வது குற்றம்.'
பேனாவைத் திறந்தேன்.
ஞானவேந்தன் முகம் வந்தது, சரி.
பின்னாலேயே நாகவல்லி வந்தாள்.

புளியந்தோப்பு. எட்டாங்கிளாஸ். பகலில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைப்பவள்.
நடுராத்திரி போன் போட்டு
"இன்னா தூங்கினுகிற, வண்டிய எடு" என்பவள்.
கை முறிந்த அந்த அம்மாவை
மாடிப்படி இருட்டிலிருந்து தோளில் தாங்கி இறக்கியவள்.
எழுதிய அறிக்கை என்னுடையது.
இறக்கியது அவள்.
அந்த வரியின்படி அவள் குற்றவாளி.
அந்த வரி இல்லாவிட்டால் ஞானவேந்தன் நிபுணர்.
பேனாவை மூடி
டீ குடிக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது தாள்களைச் சேகரித்துவிட்டிருந்தார்கள்.
என் கையெழுத்து இல்லாததை
யாரும் கவனிக்கவில்லை.

எண் இல்லை, என்றேன் வக்கீலிடம்.
குறித்துக்கொள்ளவும், என்றார் அவர்.
சாட்சியின் தகுதி பின்னர் பார்க்கப்படும், என்றது மேடை.
தட்டச்சர் மட்டும்
காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஏதாச்சும் போடணுமேம்மா.
செல் நம்பராவது சொல்லுங்க."

சொன்னேன், இலக்கம் இலக்கமாக.
வராந்தா பெஞ்சில், நாகவல்லியின் பக்கத்தில்,
அந்தப் பிள்ளையின் உதடும் கூடவே அசைந்தது.
ஏழாவது இலக்கத்தில் எனக்குத் தடுமாறியது.
அவளுக்குத் தடுமாறவில்லை.