ஐந்தடி, பத்து போல்ட்

காட்பாடி ரோட்டுக் கடைக்கு
அளவெழுதிய சீட்டோடு போனேன்.
பின்சக்கரம், இந்த வெளிவிளிம்பிலிருந்து
அந்த வெளிவிளிம்பு வரை
ஐம்பத்தெட்டு அங்குலம்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்த சின்னவள்
பல் தேய்த்தபடியே பிடித்தாள்.
அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம்.

"ஆறடி எடுத்துக்கங்கம்மா, ஹெவி மாடல்.
சீமைக்கருவேலையே தூளாக்கிடும்"
என்றார் அன்சர் பாஷா.
என்னிடம் சீமைக்கருவேல் இல்லை.
ஒடுகத்தூருக்கு மேற்கே மூன்றரை ஏக்கர்
கொழுக்கட்டைப் புல், ஊடே முயல்மசால்.
பதினோரு மாடு மேய்ந்து மீதம் வைத்த
முற்றிய தாள்.
அவை மூக்கைத் திருப்பிக்கொள்கிற பார்த்தீனியம்.
வெட்ட வேண்டியது இவ்வளவுதான்.

டிராக்டரோ மூன்றாம் கை.
முப்பத்தைந்து குதிரை என்கிறது தகடு.
அதில் நாலைந்து
பழைய சொந்தக்காரரோடே போய்விட்டன.
போன ஆடியில்
வாடகைக்கு ஓர் ஆறடியைக் கட்டி வரப்பேறினேன்.
முன்சக்கரம் இரண்டும் மண்ணை விட்டன.
ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை.
உட்கார்ந்த இடத்திலிருந்து
ஜவ்வாது மலை தெரியவில்லை, வானம் தெரிந்தது.
மாடுகள் தவிர யாரும் பார்க்கவில்லை.

ஜெய்சல்மேரிலிருந்து வீடியோவில் அவர்:
"பெருசாவே எடு. ஒரு வாட்டிதானே வாங்கறோம்."
பீரோவுக்கும் இதையேதான் சொன்னார்.
அது வாசலில் நுழையாமல்
இன்றுவரை கொட்டகையில் நிற்கிறது,
பருத்திக்கொட்டையும் தவிடும் அதற்குள்.
போனைத் திருப்பிக் கடையைக் காட்டினேன்.
திரும்பவும் பார்த்தபோது
அவர் முகம் கட்டம் கட்டமாய் உறைந்திருந்தது.
"ஐந்தடி" என்றேன் அதனிடம்.
மறுக்கவில்லை.

அறுபது அங்குலம்.
சக்கரத் தடத்துக்கு இரண்டு பக்கமும்
ஓரோர் அங்குலம் மிச்சம், போதும்.

மெக்கானிக் சம்பங்கி ஜாக்கி வைத்துத் தூக்க
முந்தானையைச் செருகிக்கொண்டு அடியில் பார்த்தேன்.
கத்தி இறுக்கமாக இல்லை.
தள்ளினால் கதவுபோல் ஆடுகிறது.
கல்லில் பட்டால் மடங்கும்,
சுற்றுகிற வேகத்தில் தானே நிமிரும் என்றார்.
நல்லது. எங்கள் நிலத்தில்
புல்லைவிடக் கல் மூத்தது.
பின்னால் சங்கிலித் திரை கேட்டேன்.
"அது எக்ஸ்ட்ரா" என்றார் பாஷா.
வேலியை ஒட்டித்தான் பள்ளிக்கூடப் பாதை,
எக்ஸ்ட்ராவே இருக்கட்டும்.

"ஒட்ட வெட்டுமா?" என்று
பக்கத்தில் ஒருவர் வேறொன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.
ஒட்ட வெட்டி ஒருமுறை
அக்னி நட்சத்திரத்தில் தூர் வெந்து போனது எனக்கு.
நாலு அங்குலத்தில் நிற்குமா என்று கேட்டேன்.
சம்பங்கி ஓரச்சட்டத்தை ஒரு துளை இறக்கி
என் விரல்களை வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அப்புறம் தண்டில்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு போல்ட்.
"கத்தி எதுலயாவது மாட்டுச்சுன்னா
இது உடையும். கியர்பாக்ஸ் பொழச்சுக்கும்."
விலை பன்னிரண்டு ரூபாய்.
உடையாத மாதிரி கெட்டியாக ஒன்று
போட்டால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன்.
"போட்டுட்டு வந்தவங்க இருக்காங்க" என்று
மூலையைக் காட்டினார்.
பிளந்து கிடந்தது ஒரு பெட்டி,
பல் உதிர்ந்து, எண்ணெய் கருத்து.

கை தானாகக் கம்மலுக்குப் போனது.
பால் பணம் தள்ளிப்போகிற மாதங்களில்
முதலில் கழல்வது இதுதான்.
வீடு ஒருநாளும் நின்றதில்லை.

மிஷின் வெள்ளிக்கிழமை லாரியில் வரும்.
போல்ட் மட்டும் பத்து தனியாக வாங்கி
பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

அணைக்கட்டு தாண்டுகையில்
பிரைவேட் பஸ் கண்டக்டர்
"ரெண்டு ரூபா சில்லறை இருக்கா?" என்றார்.
இருட்டில் அள்ளிக் கொடுத்த பிடியில்
ஒன்று வந்துவிட்டது.
விளக்கருகே தூக்கிப் பார்த்து
"இது செல்லாதும்மா" என்றார்.

"ஒடுகத்தூர்ல செல்லும்" என்று
வாங்கி வைத்துக்கொண்டேன்.